பந்து பார்க்க ஐலண்டர் கார்டு

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவன் போட்டோ போட்டிருந்தான், பார்த்திருப்பீர்கள். ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வைத்திருக்கிறானே, ஏழாம் வகுப்பில் என் பென்சில் எல்லாவற்றையும் கடித்தே தீர்த்தவன், அவன்தான். மெயின்லேண்டுக்குப் பறந்துபோய் கிரிக்கெட் ஃபைனல் பார்த்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஏதோ அட்டை, கையில் ஐஸ்கிரீம். பின்னால் மைதானம் பச்சையாகத் தெரிகிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். டிக்கெட் விலையையும் கீழே எழுதியிருந்தான். அந்தப் பணத்தில் கராச்சர்மாவில் என் வீட்டுக் கூரையையே மாற்றிவிடலாம். "டிமாண்ட் இருந்தா விலை ஏறத்தான் செய்யும். முடிஞ்சவன் நேர்ல பாக்கட்டும், முடியாதவன் டிவில பாக்கட்டும்" என்று உபதேசம் வேறு. அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

அடப் பாவிகளா! அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேர் ஹட் பேயில் மண்ணில் குந்தி ஓசியில் பந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு பைசா கொடுத்திருப்பீர்களா? இன்றைக்கு ஐம்பது தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயசில், டிமாண்டைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள். வெட்கமாக இல்லையா என்று அங்கேயே கேட்டிருப்பேன். ஆனால் அதே கேள்வியை யாராவது என்னிடம் திருப்பிக் கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தகரம் அடித்த வருஷத்துக் கால்பந்து ஃபைனலைப் பற்றி. அன்றைக்கு ஊரில் இருந்தவர்களுக்கும் முழுக்கதை தெரியாது.

ஹட் பேயைப் பார்க்காத மருமக்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற சின்ன ஊர். ஜெட்டி, பஜார், பள்ளிக்கூடம், அப்புறம் உள்ளே தள்ளி பாமாயில் தோட்டம். மழை விட்டு, கடல் அடங்கி, கப்பல் சொன்ன நாளில் வர ஆரம்பித்ததும் பந்து சீசன் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் மைதானம். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் தென்னை, ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னால் கடல். வேலி கிடையாது. பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிப் பக்கத்து ஆட்கள், மலையாளி, நாம், எல்லாரும் கலந்து உட்கார்ந்து இந்தியில் திட்டுவோம். காற்று தோட்டத்துப் பக்கமிருந்து திரும்பினால் மில்லின் எண்ணெய் வாடை வரும். கடல் பக்கமிருந்து வந்தால் கண்ணில் மணல் விழும்.

அந்த வருஷம் எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. நான் எப்போதும் உட்காருகிற இடம் தோட்டத்து டீமின் கோல் போஸ்டுக்குப் பின்னால், ஜெர்ஸி அத்தை பக்கத்தில்.

ஜெர்ஸி அத்தை என்று நான்தான் பேர் வைத்தேன். தோட்டத்தில் மஸ்டர் ரோல் கூலி, அதாவது வேலை நிரந்தரமில்லாத தினக்கூலி. கணவர் கிடையாது. ஒரே மகன், தோட்டத்து டீமின் கோல் கீப்பர், எங்கள் பேச்சில் கோலி. டீமுக்கு இருந்த பதினோரு மஞ்சள் ஜெர்ஸிகளையும் அத்தைதான் துவைப்பாள். பையன்கள் வேலை முடிந்து அப்படியே ஓடிவந்து மாட்டிக்கொள்வார்கள். பாமாயில் கறை லேசில் போகுமா? சலவைச் சோடாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து, கல்லில் அடித்து, வேலியில் வரிசையாகக் காயப்போடுவாள். அத்தையின் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். ஆட்டத்தன்று உள்ளே தோட்டத்திலிருந்து லாரியில் வருவாள். மடியில் வறுத்த கடலை இருக்கும். எனக்கு ஒரு பிடி எப்போதும் உண்டு.

ஆட்டம் தொடங்கினால் அத்தை வேறு ஆள். "பீச்சாங்கைடா! பீச்சாங்கை!" என்று கத்துவாள். எதிராளி இடது பக்கமாகப் பந்தைக் கொண்டுவந்தால் போதும், அத்தையின் குரல் ஜெட்டி வரைக்கும் கேட்கும். தமிழ் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்து அவர்களையும் சிரிக்க வைப்பார்கள். கழுவுகிற கையின் பேரை இப்படியா ஊர் நடுவில் கூவுவது என்று ஆசிரியைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எனக்குத்தான் மண்டை குடைந்தது. வலது பக்கம் பந்து வந்தால் அத்தை வாயைத் திறப்பதில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அத்தை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள்: "யார்ட்டயும் சொல்லக் கூடாது தாயி. எம்மவனுக்கு எடது கண்ணு தெரியாது. குலை வெட்டயில மட்டை முள்ளு குத்திருச்சு. பாத்தா நல்லாத்தான் இருக்கும், பார்வ கெடையாது. ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலயும் போச்சு, பந்தும் போச்சு."

அதாவது அந்த அண்ணனுக்கு இடது கண் அத்தையின் தொண்டைதான். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் இடது பக்கம் பாய்வான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் யோக்கியமாக இருந்தேன், அதையாவது எழுதிவைக்கிறேன்.

அந்த வருஷம் தோட்டத்து டீம் முதல்தடவையாக ஃபைனலுக்கு வந்தது. எதிரே ஜெட்டி டீம். தோட்டத்து ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்: கோப்பை வந்தால் டீமில் இருக்கிற மஸ்டர் ரோல் பையன்களை நிரந்தரம் ஆக்குவதாக. அத்தை அதை எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பாள்! நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் ரேஷன் கார்டு, அப்புறம் அவனுக்கு ஒரு பெண். விரலை மடக்கி மடக்கிச் சொல்வாள்.

இங்கேதான் கமிட்டி வருகிறது. கமிட்டி என்றால் நாலு பேர். அதில் வாய் உள்ளவர் செகரெட்டரி ஒருவர்தான். தொழில் காண்ட்ராக்ட். வேலை முடிந்தும் மிச்சமாகக் கிடக்கிற தகரத்தின் மேல் ஓயாத பாசம் கொண்ட மனிதர். போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஃபைனலுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு சாயங்காலம் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அரே, இவ்ளோ ஜனம் வருது, சும்மா பாக்குது, சும்மா போகுது. க்யா ஃபாய்தா, என்ன லாபம்? சுத்தித் தகரம் அடிச்சு டிக்கெட் போடுவோம். டிக்கெட் போட்டாத்தான் அது ஃபைனல். இல்லன்னா மாடு மேயற கிரவுண்டு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்றால், என் அப்பா ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்ட்டர் கிளார்க். ஊரில் டிக்கெட் என்ற விஷயம் தெரிந்த ஒரே ஜீவன். பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிப்பவர் இருந்தார், அவரை யார் மதித்தார்கள்? சினிமாக் கொட்டகை கிடையாது. டிக்கெட் என்றால் கப்பல் டிக்கெட். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரி ஒரு பூரிப்பு.

"டிக்கெட்னா சும்மா இல்ல சார். கிளாஸ் பிரிக்கணும்" என்றார் அப்பா.

அப்புறம் பிரித்தார். ஐயோ, அந்தக் கண்ராவியை என்னவென்று சொல்ல! கப்பலில் இருக்கிற மாதிரியே, மைதானத்தில் நாற்காலி போட்ட இடம் கேபின் கிளாஸ். பெஞ்சு போட்ட இடம் பங்க் கிளாஸ். மண்தரை டெக் கிளாஸ். சத்தியமாகச் சொல்கிறேன், டிக்கெட்டில் அப்படியே அச்சடித்தார்கள். கப்பல் டிக்கெட்டின் பின்பக்கம் இருக்கிற வாசகத்தையும் அப்பா விடவில்லை. பயணி தன் உடைமைக்குத் தானே பொறுப்பு. வானிலையைப் பொறுத்துப் புறப்படும் நேரம் மாறலாம். டிக்கெட்டில் பேரும் வயசும் எழுத வேண்டும், ஒருவர் பேரில் எடுத்ததில் இன்னொருவர் ஏறக் கூடாது. மைதானம் எங்கே புறப்பட்டுப் போகப்போகிறது என்று அந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

கடைசியில் வந்தது ரேட். செகரெட்டரி ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரேட் சொன்னார். அப்பா சிரித்தார்.

"ஒரு கிளாஸுக்கு ஒரே ரேட்டுன்னு இந்தத் தீவுல எந்த டிக்கெட்டாவது உண்டா சார்? ஐலண்டருக்கு ஒரு ரேட்டு, மெயின்லேண்ட்காரனுக்கு ஒரு ரேட்டு. சர்க்கார் குடுத்த ஐலண்டர் கார்டு காமிச்சா கம்மி, இல்லன்னா மூணு மடங்கு."

"வாஹ், பாபு! மெயின்லேண்ட்காரன் குடுக்கட்டும், அவன்கிட்ட இல்லாததா?" என்று செகரெட்டரி தொடையில் தட்டினார்.

மெயின்லேண்டிலிருந்து எவன் மூணு நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, இன்னொரு கப்பல் ஏறி, ஹட் பேயில் பந்து பார்க்கப்போகிறான்? அந்த அறையில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. கார்டு இல்லாதவன் என்றால் ஏதோ கூலிங் கிளாஸ் போட்ட பணக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊரில் கார்டு இல்லாதவர்கள் யார் என்று உள்ளே இருந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"தோட்டத்து ஜனத்துக்குக் கார்டு ஏதுங்க?" என்று அம்மா கதவுப் பக்கமிருந்து கேட்டாள்.

"நீ சட்னிக்கு உப்புப் போட்டியா பாரு" என்றார் அப்பா.

டெக் டிக்கெட் கார்டு உள்ளவருக்கு ஒரு நாள் கூலி. இல்லாதவருக்கு மூணு நாள் கூலி. அதுவும் மண்ணில் குந்துவதற்கு.

டிக்கெட் விற்றதும் கப்பல் கவுண்ட்டரில்தான். நம் ஊர் ஜனம் வரிசையில் நிற்பதில் புலி என்று உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். கல், செருப்பு, தேங்காய் மட்டை, ஓட்டை டப்பா, எதை வைத்தாலும் அது ஆள் கணக்கு. யாரும் நகர்த்த மாட்டார்கள். விடிந்ததும் வந்து அவரவர் கல்லுக்குப் பின்னால் நிற்பார்கள். ஃபைனல் டிக்கெட்டுக்கும் அப்படியே கல் வரிசை ஜெட்டி கேட் தாண்டி நீண்டது. இதில் பாதிப் பேர் சீசன் முழுக்க ஒரு ஆட்டம் பார்க்காதவர்கள். டிக்கெட் என்று ஒன்று விற்றால் வாங்கிவைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும் என்கிற கப்பல் புத்தி. பஜாரில் அரிசிக் கடைக்காரர் வீட்டுக்கு ஆறு கேபின் வாங்கினார். எத்தனை பேர் ஒரு டீமுக்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அத்தை, தன் மகனுடைய பிய்ந்த பூட்ஸ் ஒன்றை வைத்து ஏழாவதாக இடம் பிடித்திருந்தாள். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவள், கவுண்ட்டருக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு டெக்குங்க" என்று முடிச்சை அவிழ்த்தாள் அத்தை.

"கார்டு?"

"என்ன கார்டுங்க?"

"ஐலண்டர் கார்டும்மா. இல்லன்னா மெயின்லேண்ட் ரேட்டு."

"நா பதிமூணு வருசமா இங்கனதானங்க கெடக்கேன். எம்மவன் இந்த மண்ணுலதான் வளந்தான். அவன்தாங்க கோலி."

"இருக்கறது வேற, கார்டு வேற."

"பந்து பாக்கயுமா கார்டு? கப்பலாங்க கௌம்புது?"

பின்னால் சிரிப்பு. அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். என் பொண்டாட்டிக்கே கார்டு பாத்துத்தான் எழுதினேன். அடுத்த ஆளு வாங்க!"

அது உண்மைதான். அம்மாவின் கார்டை வாங்கி, நம்பரைப் பார்த்து, அம்மாவுக்கும் எனக்கும் கேபின் டிக்கெட் எழுதி, தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டினார் அப்பா. கமிட்டி சும்மா கொடுத்த பாஸை வாங்கவில்லை. தான் நேர்மையான மனுஷன் என்று சாகிற வரைக்கும் நம்பினார். ஒரு பைசா திருடாதவர் என்று நானும் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போது யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆட்டக்காரர்களின் வீட்டு ஆட்களுக்காவது பாஸ் கொடுக்கக் கூடாதா என்று யாரோ கேட்டதற்கு செகரெட்டரி சொன்னாராம், "ஆடறவனே டிக்கெட் இல்லாமத்தானே உள்ள வர்றான், அது போதாதா?"

ஃபைனல் அன்று காலையில் அம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். அப்பா முதலிலேயே கிளம்பி, கேட்டில் டிக்கெட் பார்க்கப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தன் டிக்கெட்டை என் கையில் வைத்தாள்.

"இத அந்த ஜெர்ஸி துவைக்கிற அம்மாகிட்ட குடு. அவ பாக்கட்டும். எனக்கு என்ன தெரியும் பந்தைப் பத்தி?"

எனக்குப் புது ஃபிராக். போர்ட் பிளேரிலிருந்து வாங்கிவந்தது, வெள்ளையில் நீலப்பூ. கேபின் கிளாஸ் என்பதற்காகவே வாங்கினது.

மைதானம் அடையாளம் தெரியவில்லை. சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரம், தகரம் போதாத இடத்தில் தார்ப்பாய். வெயிலில் தகரம் கொதித்தது. செகரெட்டரியின் ஆட்கள் கம்பை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள், யாராவது இடுக்கில் கண்ணை வைத்தால் ஓங்கி ஒரு தட்டு. லாரி லாரியாக வந்த தோட்டத்து ஜனம் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தது. அத்தை அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். டிக்கெட்டைக் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

கேட்டில் அப்பா, கப்பல் ஏணியில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். டிக்கெட்டை வாங்கிப் பேரைப் படித்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது அவர் மனைவியின் பேர்.

"இது யார் டிக்கெட்டு?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டான். "அரே பாபு! பீவி பதல் கயீ க்யா?" என்று கூவினான். பெண்டாட்டியை மாற்றிவிட்டாயா என்று கேட்கிறான். கியூ மொத்தமும் கைதட்டிச் சிரித்தது.

அப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் விட்டிருப்பாரோ என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். விட்டிருக்க மாட்டார். டிக்கெட்டை இரண்டாகக் கிழித்தார். "அடுத்தவங்க பேர்ல ஏறினா ஃபைன் போடணும். போட்டுடுவேன். போ, போ, லைன விடு."

"அய்யா, ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன். ஒக்காரக்கூட வேணாம்."

"சலோ, சலோ!" என்று கம்பு வைத்திருந்தவன் அத்தையைத் தள்ளினான்.

அத்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே மகனை டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள். நாளைக்குக் குலை வெட்டும் வேலையும் போய்விடும். அத்தை என்னை ஓரமாக இழுத்தாள்.

"தாயி, நீ உள்ள போறல்ல? கோலுக்குப் பின்னாடி, நாம ஒக்காருவோமே, அங்கன போயி ஒக்காந்துக்கோ. எடது பக்கம் பந்து வந்தா சத்தம் குடு. நா கத்துவேன்ல, அதே மாதிரி. நா வெளியில இருந்து கத்தலாம், பந்து எங்கன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் தாயி அவனுக்குக் கண்ணு."

"சரி அத்தை" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

உள்ளே போனால் கேபின் கிளாஸ். நாலு வரிசை நாற்காலி, மேலே துணிப் பந்தல். பின்வரிசை மூன்றும் கிட்டத்தட்டக் காலி. பாஸ் வாங்கின அதிகாரிகளில் பாதிப் பேர் வரவில்லை. அரிசிக் கடைக்காரரின் ஆறு நாற்காலியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் போர்ட் பிளேர் அதிகாரி, அவர் மனைவி, அவர்களுடைய என் வயசுப் பெண் ஒருத்தி. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஆவோ பேட்டி, வாம்மா, இங்க உக்காரு" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். ஒரு பையன் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து நீட்டினான். ஐஸ் போட்ட ஜூஸ். ஹட் பேயில் அன்றைக்கு ஐஸ் என்றால் என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்துவிட்டேன். ஜூஸைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். குடித்தேன். அப்புறம் பிஸ்கட் வந்தது. கோல் போஸ்டுக்குப் பின்னால் போனால் டெக் கிளாஸ், மண்ணில் உட்கார வேண்டும். வெள்ளை ஃபிராக். அந்தப் பெண் இங்கிலீஷில் என் பேரைக் கேட்டாள். இங்கிருந்தே கத்தலாம், கேட்கும், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பன் ஊரையே கிளாஸ் பிரித்துக் கெடுத்தான் என்று திட்டுகிறேனே, நான் யாருக்குப் பிறந்தவள்?

அண்ணன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோல் பின்னாடி திரும்பிப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் மறுபடி பார்த்தான். அப்புறம் ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டேதான் இருந்தான். ஒரு கண்ணால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டுமே. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "இவனுக்கு என்ன, கழுத்துல சுளுக்கா?" என்று செகரெட்டரி கேட்டார். அப்படியும் மூன்று நான்கு பந்தைப் பிடித்தான். தகரத்துக்கு வெளியே இருந்த ஜனம், உள்ளே எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தானும் கத்தியது. ஒரு தடவை எல்லாவற்றையும் மீறி அத்தையின் குரல் வந்தது. எந்த நேரத்துக்கோ எதற்கோ பீச்சாங்கை என்று கத்தினாள் பாவம். அண்ணன் அதை நம்பி இடது பக்கம் பாய்ந்தான். பந்து அப்போது நடு மைதானத்தில் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஜெட்டி டீம்காரன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓரமாக வந்தான். அண்ணனுக்கு இடது ஓரம். என் நாற்காலிக்கு நேராக வந்தான், பத்தடி தூரம்கூட இல்லை. அண்ணன் வலது பக்கம் நின்ற இன்னொருத்தனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன். அந்த அதிகாரியின் மனைவி என்ன என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். அவள் கழுத்தில் முத்து மாலை. அவள் முன்னால் "பீச்சாங்கை" என்று எப்படிக் கத்துவது? "இடது" என்றாவது கத்தியிருக்கலாம். அது தோன்றவே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். பந்து உள்ளே போயிற்று. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன பிறகுதான் பார்த்தான்.

கோப்பை ஜெட்டிக்குப் போயிற்று. அதிகாரி பேசினார், ஒழுங்கான ஏற்பாடு என்று கமிட்டியைப் பாராட்டினார். அப்பா ஓரத்தில் கிழித்த டிக்கெட் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். டெக் கிளாஸ்காரர்கள் கோலி விலைபோய்விட்டான் என்று கத்தினார்கள். கொடுத்த காசு அவர்களுக்கு எரிந்தது. ஓசியில் பார்த்த வருஷங்களில் எந்த ஆட்டக்காரனையும் அவர்கள் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

நான் கேட்டைத் தாண்டினதும் அத்தை ஓடிவந்தாள். உள்ளே நடந்தது அதற்குள் வெளியே தெரிந்துவிட்டிருந்தது.

"எடது பக்கமாத்தான் வந்துச்சாமே தாயி. சத்தம் குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தை."

"பீச்சாங்கைன்னு?"

"பீச்சாங்கைன்னுதான் கத்தினேன்." இப்போது அந்த வார்த்தை வாயில் வெகு சுலபமாக வந்தது.

டீம் பையன்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக அண்ணன். அத்தை அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள்.

"ஏலே, இந்தப் புள்ள தொண்ட கிழியக் கத்திருக்கே! ஒனக்குக் காது எங்கலே போச்சு? இந்தப் பச்சப் புள்ளைய நம்பி விட்டுட்டு வெளிய நிக்கேன், அது அதோட வேலயச் செஞ்சிருச்சு, நீ என்னலே செஞ்ச? எல்லாம் போச்சேலே!"

அண்ணன் என்னைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்பினான். வெள்ளை ஃபிராக்கைப் பார்த்தான், அதில் சிந்தியிருந்த ஆரஞ்சு ஜூஸைப் பார்த்தான். ஆட்டம் முழுக்கத் திரும்பித் திரும்பித் தேடினவனுக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாமல் இருந்திருக்காது. நான் மண்ணைப் பார்த்தேன்.

"கேட்டுச்சும்மா" என்றான். "நல்லாத்தான் கத்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."